வேலம்மாவின் பெயர் எழுதிய படகு

வேலம்மாவின் முதியோர் உதவித்தொகையை ஒரு படகு விழுங்கிவிட்டது. அதுவும் அவள் ஒருநாளும் ஏறாத படகு.

மகன் லோகநாதன் கடன் வாங்கிச் செய்த படகு அது. பழவேற்காடு ஏரிக்கரையில் பெற்றவள் பெயரைப் படகில் எழுதாதவன் யார்? அவனும் சிவப்புப் பெயிண்டில் 'வேலம்மா' என்று கொட்டை எழுத்தில் எழுதினான். அன்றைக்கு அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

முட்டி தேய்ந்துபோய், ஏரியில் இறங்கிக் கையால் இறால் தடவிப் பிடிக்க முடியாமல் ஆனபின் உதவித்தொகைக்கு மனுப் போட்டாள். மூன்று பிள்ளைகளோடு அல்லாடும் மகனிடம் தைலத்துக்கும் ஆட்டோவுக்கும் கை நீட்டக் கூசியது. விசாரிக்க வந்த அதிகாரி கரையில் நின்று பெயரைப் படித்தார். சொந்தப் படகு இருக்கிறது என்று எழுதிவிட்டார். மனு தள்ளுபடி.

லோகநாதன் பதிவுச் சான்றை எடுத்துக்கொண்டு தாயோடு ஆபீசுக்கு ஓடினான்.

"சான்றுல உன் பேரு, படகுல அம்மா பேரு. எதை நம்பறது? அதை அழிச்சிட்டு மறுபடி மனு குடுங்க" என்றார் மேசைக்காரர். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே.

"உயிரோட கீறவ பேரை அழிப்பாங்களா? நான் மாட்டம்மா" என்றான் லோகநாதன்.

"பேரு இன்னாடா பேரு. முட்டி வலி எனக்குத்தானே தெரியும்."

அவன் மீன் விற்கப் போன நேரம், உப்புத்தாளால் தானே தேய்த்தாள். மேலே நீலப் பெயிண்ட் அடித்தாள். அழுகை வந்தது, அதைவிட ஆத்திரம் வந்தது. திரும்பி வந்த மகன் பெயர் இருந்த இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு வலையைத் தூக்கிக்கொண்டு போனான்.

மறுபடி மனு, மறுபடி அதே அதிகாரி. கரையைச் சுற்றிப் பார்த்தார்.

"வேலம்மானு ஒரு படகு இருந்துச்சே, எங்க?"

"இப்ப இல்ல சார்" என்றாள், நிம்மதியாக.

"வித்துட்டீங்களா? அந்தப் பணம் எங்க?"

வேலம்மா அவரைப் படகருகே கூட்டிப்போய் நீலத்தைக் காட்டினாள். "இதான் சார் அது. விக்கல. பேரைத்தான் அழிச்சேன்."

"அப்ப படகு இருக்கு" என்று எழுதிக்கொண்டு அவர் கிளம்பிவிட்டார்.

வலை உதறிக்கொண்டிருந்த மகனிடம் நொண்டி நொண்டி வந்தாள்.

"லோகு, அந்த செவப்பு பெயிண்ட்டு மீதி கீதா?"