கங்காணிக்குக் கை நீட்டியவன்

ஞானசேகரம் மாஸ்டருக்கு வயது இருபத்தாறு. பள்ளிக்கூடத்தில் வர்த்தகம் படிப்பித்தார். வாடகை அறையில் அவர் படுப்பதற்கு ஓர் ஆள் அகலம்தான் மிச்சம். மற்ற இடமெல்லாம் புத்தகம். சரக்கை எப்படி விற்பது, உத்தியோகத்தில் எப்படி ஏறுவது, பத்துக் கிழமையில் எப்படிப் பெரிய ஆளாவது என்று எல்லாம் இங்கிலிஷில். கேட்க ஆள் கிடைத்தால் விடமாட்டார். பின்னேரங்களில் அகப்படுகிறவன் ஆதம்பாவா.

ஆதம்பாவா துறைமுகத்தில் மாமூட்டை சுமக்கிறவன். வயது முப்பத்தெட்டு. வேலை விட்டு வந்து மாஸ்டருடைய பீப்பாய்க்குத் தண்ணீர் அள்ளி ஊற்றுவான். அவன் அள்ள, அவர் வாசித்து வாசித்துத் தமிழில் சொல்லுவார்.

அது எழுபத்துநாலாம் ஆண்டு. மாவுக்குத் தட்டுப்பாடு. பாண் வாங்கக் கடைவாசலில் விடியமுன் வரிசை. அந்தக் கிழமை துறைமுகத்தில் நாட்கூலிகள் பன்னிரண்டு பேரை நிரந்தரமாக்கப் போவதாகக் கதை அடிபட்டது. பெயர் எழுதுகிறவர் சிவகுருநாதன் கங்காணி. நிரந்தரம் என்றால் மாதச் சம்பளம். காய்ச்சலில் கிடந்தாலும் அடுப்பு எரியும். பதினொரு வருடம் நாட்கூலியாய்க் கிடந்த ஆதம்பாவாவுக்கு மூன்று பிள்ளைகள்.

"பதினொரு வருஷம் என்ன செய்தனீங்கள்?" என்று கேட்டார் மாஸ்டர்.

"குந்தியிருந்தன்."

உண்மைதான். காலையில் வாசல் மதிலோரம் எல்லாரும் நிலத்தைப் பார்த்தபடி குந்தியிருக்க வேண்டும். கங்காணி குடைக் கம்பியால் தோளில் தட்டினால் எழும்பலாம். தட்டாதவனுக்கு அன்று வேலை இல்லை. வாய் திறக்கக் கூடாது. முந்தி ஒரு வேலைநிறுத்தத்தில் எழும்பி நின்று கதைத்தவர்கள் அத்தனை பேரும் சங்கக்காரர். அன்றிலிருந்து வாய் திறக்கிறவனைக் கண்டால் கங்காணிக்கு ஆகாது.

"நீங்கள் ஒரு சரக்கு. பேசாமல் கிடக்கிற சரக்கை ஆர் திரும்பிப் பாப்பான்? எழும்பி நில்லுங்கோ. கையை நீட்டுங்கோ. பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கோ."

"கங்காணியயா? பேர் செல்லியா?"

"ஓம். ஆள் உருகிப் போவான்."

மூன்று பின்னேரம் ஒத்திகை நடந்தது. மாஸ்டர் கதிரையில் கங்காணியாய் இருந்தார். குந்தியிருந்து கண்டது ஒன்றுமில்லைத்தானே என்று ஆதம்பாவாவுக்கும் பட்டது.

செவ்வாய்க்கிழமை காலை, குடை நாலு ஆள் தள்ளி வரும்போதே எழும்பினான்.

"மிஸ்டர் சிவகுருநாதன்! நான் ஆதம்பாவா. பதினொரு வருஷ அனுபவம். என்னை எடுத்தா உங்களுக்குத்தான் லாபம்."

கை நீட்டியபடி நின்றது. முதலில் சிரித்தது மதிலோரத்து ஆட்கள்தான்.

"எந்தச் சங்கமடா உனக்கு இதைச் சொல்லித் தந்தது?" என்றார் கங்காணி.

"சங்கம் இல்லங்கய்யா. புத்தகத்தில இரிக்கி."

சிரிப்பு அடங்கிவிட்டது. கங்காணி நாலு பக்கமும் பார்த்தார்.

"புத்தகமோ? எழுபத்தொண்டுக் கிளர்ச்சியில புத்தகம் படிச்ச பெடியளுக்கு என்ன நடந்தது தெரியுமோ? என்னையும் சேத்து உள்ளுக்குத் தள்ளப் பாக்கிறியோ?"

சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து அவன் முகத்துக்கு நேரே பிடித்தார். "வாசி. புத்தகக்காரனுக்கு வாசிக்கத் தெரியுமெல்லோ?"

ஏழாவதாக அவனுடைய பெயர் இருந்தது. அவன் வாசித்து முடிக்கும்வரை பொறுத்திருந்து, பென்சிலால் அதை வெட்டினார். பிறகு பக்கத்தில் குந்தியிருந்தவனைக் குடையால் தட்டி, "உன்ர பேர் என்ன?" என்றார்.

பின்னேரம் மாஸ்டர் முழுக்கதையும் கேட்டார்.

"கை நீட்டேக்க சிரிச்சனீங்களோ?"

"இல்ல மாஸ்டர்."

"பாத்தீங்களோ! அங்கதான் பிழை விட்டிருக்கிறீங்கள்." அவர் முகம் தெளிந்துவிட்டது. புத்தக ஓரத்தில் அதைக் குறித்தும் வைத்தார்.

"மாஸ்டர், நீங்க ஒருக்கா வந்து செல்லுங்க. அது யாவாரப் புத்தகம், வேற ஒண்டும் இல்லயெண்டு. நீங்க செல்லினா கேப்பாரு."

மாஸ்டர் புத்தகத்தை மூடினார்.

"அது ஏலாது. தோத்த ஆக்களோட திரிஞ்சா தோல்வி தொத்துமெண்டு இதில ஒரு அதிகாரமே இருக்கு. கோவிக்காதேங்கோ. தண்ணி அள்ளவும் இனி வேற ஆரையாவது பிடிக்கிறன்."

வீட்டில் மனைவி பல்கீஸ் படலை வாசலிலேயே நின்றாள். பெயர் வெட்டுப்பட்ட கதை அவளுக்கு எட்டியிருந்தது. "மறுகா? மாஸ்டர் என்னவாம்?"

அவள் முகத்தைப் பார்த்தபின் அவனால் உள்ளதைச் சொல்ல முடியவில்லை. "நாளைக்கு வந்து கங்காணிட்டச் செல்லுவாராம்."

"அல்ஹம்துலில்லாஹ்!" அவள் மா இருந்த தகரத்தைக் கவிழ்த்துத் தட்டினாள். இரண்டு ரொட்டிக்குத்தான் காணும். தேங்காய்ப்பூ போட்டுச் சுட்டாள். பிள்ளைகள் அடுப்படியைச் சுற்றி நின்றார்கள். "தொடாதங்க! அது மாஸ்டருக்கு. வெறுங்கையோட நிண்டு உதவி கேக்கிறதா?" என்று சின்னவனின் கையில் ஓர் அடி போட்டாள்.

இலையில் சுற்றிய ரொட்டி அவன் கையில் சுட்டது. மாஸ்டரின் கதவு திறந்துதான் கிடந்தது. உள்ளே அவர் யாரோ ஒரு மாணவனுக்கு உரத்து வாசித்துக்கொண்டிருந்தார். ஆதம்பாவா நிற்காமல் நடந்து கடற்கரைக்குப் போனான். வெயில் இன்னும் இறங்கவில்லை. கவிழ்த்துப் போட்டிருந்த தோணிக்குப் பின்னால் குந்தி இலையை விரித்தான். காலையிலிருந்து அவனும் ஒன்றும் தின்னவில்லை. ஒன்றைத் தின்றான். மற்றதைத் திரும்பச் சுற்றினான். பிறகு அதையும் அவிழ்த்துத் தின்றான்.

"மாஸ்டர் சாப்பிட்டாரா?" என்று பல்கீஸ் கேட்டாள்.

"ஓம். நல்ல ருசியாம்."

"ரெண்டையுமா வாப்பா?" என்றான் சின்னவன்.

"ரெண்டையும்தான்," என்று சொல்லிவிட்டு ஆதம்பாவா வாய் கொப்பளிக்கப் போனான்.