பெட்டிக்குள் கேட்ட குரல்

தொண்ணூற்றாறாம் ஆண்டு மாசி மாதம். ரொறன்ரோவின் மேற்கு ஓரத்தில், கைவிடப்பட்ட ரயில் கொட்டகையொன்றில் படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் யூதர்களைச் சரக்கு ரயில் பெட்டிகளில் அடைத்து வதைமுகாம்களுக்கு அனுப்பிய கதை. உடுப்புப் பிரிவில் மங்கையற்கரசிக்கு வேலை எடுத்துக் கொடுத்தவர் அங்கேயே வேலை செய்த பேர்ணடெற் அக்கா. இரண்டு கிழமையாகப் பழைய மேலங்கிகளில் யூதரென்று அடையாளம் காட்டும் மஞ்சள் நட்சத்திரங்களைத் தைத்துக்கொண்டிருந்தாள் மங்கை.

அன்று பெட்டிக்குள் ஏறி நின்ற ஒரு சிறுமியின் நட்சத்திரம் கழன்று தொங்கியது.

"ஓடிப்போய் ரெண்டு தையல் போட்டிட்டு வா. இன்னும் தொடங்கேல்லை," என்றார் பேர்ணடெற்.

துணை நடிகர்கள் நெருக்கியடித்து நின்றார்கள். மங்கை அவர்களை விலக்கிக்கொண்டு உள்ளே போய், சிறுமியின் முன்னால் முழங்காலிட்டுத் தைத்தாள். கடைசி முடிச்சுப் போடும்போது கதவு கரகரவென்று இழுபட்டது. வெளியே தாழ்ப்பாள் விழுந்தது.

இருட்டு. ஈரக் கம்பளி மணம். பலகை இடுக்குகளில் மட்டும் வெளிச்சக் கீறுகள். நாய்கள் குரைத்தன. யாரோ ஜெர்மன் மொழியில் அதட்டினார்கள். ஒரு சொல்லும் அவளுக்கு விளங்கவில்லை. ஆனால் அந்த அதட்டல் தெரிந்ததுதான். கொழும்பில் அவர்கள் தங்கியிருந்த லொட்ஜில் ஆமி வந்து எல்லோரையும் கீழே இறக்கிய காலையில் கேட்டது. தம்பி வினோதனை ட்ரக்கில் ஏற்றினார்கள். "அக்கா, என்ர ஐடென்ரிக் கார்ட் மேல கிடக்கு!" என்று கத்தினான். அவள் எடுத்துக்கொண்டு ஓடி வந்தபோது ட்ரக் இல்லை. அதன்பிறகு அவனும் இல்லை.

"திறவுங்கோ! திறவுங்கோ!"

கதவில் இரு கைகளாலும் அடித்தாள். சுற்றி நின்றவர்களும், சொல்லிக்கொடுத்தபடி, கதறிக்கொண்டிருந்தார்கள். அவளுடைய கதறலை யாரும் பிரித்தறியவில்லை. சிறுமிக்கு மட்டும் தெரிந்துவிட்டது. மங்கையின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு அவள் உண்மையாகவே அழத் தொடங்கினாள்.

மங்கை பிள்ளையைத் தன் வயிற்றோடு அணைத்து, இரண்டு காதுகளையும் பொத்தினாள். "ஒண்டுமில்லை, ஒண்டுமில்லையம்மா" என்று தமிழிலேயே சொன்னாள்.

கதவு திறந்தது. துவக்கோடு நின்ற ஒரு சிப்பாய் பிள்ளையை இறக்கக் கைகளை நீட்டினான்.

"தரமாட்டன்!"

அவள் பின்னால் நகர்ந்தாள். அவன் திகைத்துப்போய், துவக்கைக் கீழே வைத்துவிட்டுத் தலைக்கவசத்தைக் கழற்றினான். குளிரில் காது சிவந்த ஒரு பொடியன். "உங்களுக்கு ஒன்றுமில்லையே?" என்று ஆங்கிலத்தில் கேட்டான். அப்போதும் அவள் பிடியை விடவில்லை. சிறுமியின் தாய் ஓடிவந்தபிறகே விட்டாள்.

பேர்ணடெற் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தார். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"மங்கை, அந்தக் குரல் நல்லா வந்திருக்காம். இன்னொருக்காக் கத்த ஏலுமோ எண்டு டிரெக்ரர் கேக்கிறார்."

"அது நடிப்பில்லை எண்டு சொல்லுங்கோ, அக்கா."

பேர்ணடெற் போய்ச் சொன்னார். இயக்குநர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றார். அன்று அந்தக் காட்சியை அவர்கள் மறுபடி எடுக்கவில்லை. சிறுமியைத் தாய் வீட்டுக்குக் கூட்டிப்போனாள்.

பின்னேரம் மங்கையின் கணவர் தியாகலிங்கம் தன் டாக்ஸியில் அவளை ஏற்ற வந்தார். கார் நகர்ந்ததும் கதவுகள் டக்கென்று பூட்டிக்கொண்டன.

"இஞ்சேருங்கோ, பூட்டாதேங்கோ!"

அவர் அவளுடைய முகத்தைப் பார்த்தார். பூட்டை எடுத்துவிட்டு, கொட்டும் பனியில் கண்ணாடியையும் இறக்கி, மெல்ல ஓட்டினார்.