ஒக்கெண்டன் வீட்டு வாசல்படி

இங்கிலாந்துல ஒரு கவுன்ட்டி கவுன்சில்ல போன் எடுக்க ஆரம்பிச்சு பத்தொன்பது வருஷம் ஆச்சு எனக்கு. சாலை, பள்ளிக்கூடம், நூலகம், வயசானவங்களப் பாத்துக்கிறது எல்லாம் எங்க பாடு. குப்பையும் வீடும் டிஸ்ட்ரிக்ட் கவுன்சில் பாடு, அது வேற ஆபீஸ். ஜனங்களுக்கு இது தெரியாது. தெரிஞ்சுக்கணும்னு அவங்க தலையெழுத்தா என்ன?

செப்டம்பர்ல வில்ஃப் ஒக்கெண்டன்னு ஒருத்தர் கூப்பிட்டார். எண்பத்தோரு வயசு. மனைவி மியூரியல் இடுப்பெலும்பு முறிஞ்சு ஆஸ்பத்திரியில. சக்கர நாற்காலி ஏற வாசல்ல சாய்தளம் போட்டாத்தான் வீட்டுக்கு அனுப்புவாங்களாம்.

"நாலே படிதான் கண்ணு. உங்க ஆளு வந்து அளந்துட்டுப் போயாச்சு. எப்பக் கட்டுவீங்க?"

"அளக்கிறதுதான் நாங்க, ஐயா. கட்டுறது டிஸ்ட்ரிக்ட்."

"இதென்ன கூத்து! இங்க அளவெடுத்து அடுத்த தெருவுல சட்டை தைப்பாங்களா?"

எனக்கே சிரிப்பு வந்துடுச்சு. டிஸ்ட்ரிக்ட் நம்பரைக் குடுத்தேன்.

மூணு வாரம் கழிச்சு மறுபடியும் அவர்தான். சாய்தளத்தோட நுனி நடைபாதையில ஒரு முழம் நீளுதாம். நடைபாதை எங்களுது. எங்க சாலைப் பிரிவு எழுதிக் குடுக்காம டிஸ்ட்ரிக்ட் கல்லைத் தொடாதாம். நானே மாடியேறிப் போனேன்.

சாலைப் பிரிவு நைஜல் கையை விரிச்சான். "விண்ணப்பம் டிஸ்ட்ரிக்ட்லேர்ந்து வரணும், பெரில். வந்தப்புறம் பன்னெண்டு வாரம்."

"அந்தம்மா ஆஸ்பத்திரியில கெடக்குறாங்கடா பாவி!"

"என்னைத் திட்டி? சட்டத்தை நானா போட்டேன்?"

அவன் சொன்னதும் நெசந்தான். டிஸ்ட்ரிக்டுக்கு நானே ஆறு கடிதம் எழுதினேன். பதில் எனக்கு வரல, என் மேலதிகாரிக்குப் போச்சு. உன் வேலையப் பாருன்னார்.

வில்ஃப்கிட்ட பன்னெண்டு வாரம் ஆகும்னு எப்படியோ சொன்னேன்.

"இன்னிக்கா நாளைக்கான்னு தெனமும் கேக்குறா கண்ணு," என்றார்.

பனி கொட்டுற ஒரு ஜனவரிக் காலையில சாலைப் பிரிவு அனுமதி கெடைச்சுது. சந்தோஷமா அவருக்குப் போன் போட்டேன்.

"மியூரியல் நேத்து போயிட்டா கண்ணு. ஆஸ்பத்திரியிலயே."

ஐயோன்னு மட்டும் வந்துச்சு வாயில.

"சாவைப் பதியணுமாமே? அதுக்கு யாரு, டிஸ்ட்ரிக்டா?"

"இல்லீங்க ஐயா. அது நாங்க."

"எத்தனை வாரம் ஆகும்?"

"நாளைக்குக் காலையில பத்தரைக்கு வாங்க. சான்றிதழை உடனே குடுத்துடுவாங்க."



"அவ்வளவு சீக்கிரமாவா?" என்றார்.