கருத்தையாவுக்கு மரியாதை

கருத்தையா செத்த பிறகும் எங்கள் மில்லில் வேலை பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பேய்க் கதை ஒன்றும் சொல்ல வரவில்லை. எங்கள் கோவில்பட்டியில் பேயை விட மேஸ்திரிக்குச் சக்தி அதிகம், அவ்வளவுதான்.

நாற்பத்தாறாம் வருஷம் பொங்கலுக்குச் சொந்த ஊரான எப்போதும்வென்றானுக்குப் போன கருத்தையாவைக் காலரா கொண்டுபோனது. காரியமெல்லாம் ஊரிலேயே முடிந்தது. ரிங் பிரேம் மெஷின்களுக்கு மேஸ்திரியான மாயகிருஷ்ணன் துக்கம் கேட்கப் போனவர், செத்தவரின் தம்பி தவசியைத் தனியே கூப்பிட்டார். "ஏலே, உங்கண்ணன் டோக்கனை எடுத்துக்கிட்டு வந்து நில்லு. புது ஆளா வந்தா ஆயுசுக்கும் வேல கிடைக்காது" என்றார். அண்ணனும் தம்பியும் ஒரே சாயல், ஒரே உயரம். காலராவில் கிடந்து பிழைத்து வந்திருக்கிறான், அதனால்தான் ஆள் இளைத்துவிட்டான் என்று மேஸ்திரி ஆபீசில் கதை அடித்துவிட்டார். அவர்களும் நம்பினார்கள். ஆபீசில் இருக்கிறவர்கள் எங்கள் முகத்தை எங்கே பார்த்தார்கள்? டோக்கனைத்தான் பார்த்தார்கள்.

அன்றிலிருந்து தவசி அண்ணன் மில் கேட்டுக்குள் நுழைந்தால் கருத்தையா, வெளியே வந்தால் தவசி. மில்லில் பாதிப் பேருக்கு விஷயம் தெரியும். ஒருவரும் வாயைத் திறந்ததில்லை. மழை பொய்த்தால் கரிசலில் கம்பும் கிடையாது, பருத்தியும் கிடையாது; மில் வேலை என்பது அப்படி ஒரு பிடிமானம். ஆள்மாறாட்டம் என்று ஆபீசுக்குத் தெரிந்தால் அன்றைக்கே வேலை போய்விடும், மில் கொடுத்த லைன் வீட்டையும் காலி செய்ய வேண்டும். அந்த வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். நான் சைத்தூன் பீவி, ரீலிங் செக்ஷனில் நூல் சுற்றுகிறவள். சுவருக்கு அந்தப் பக்கம் தவசி அண்ணன் பெண்டாட்டி பாலம்மாள் பெருமூச்சு விட்டால் இந்தப் பக்கம் எனக்குக் கேட்கும்.

விஷயம் தெரிந்திருக்க வேண்டிய ஒருத்திக்கு மட்டும் அது தெரியாது. கருத்தையாவின் மனைவி ஆவுடைத்தாய், எப்போதும்வென்றானில், அவர் செத்த அதே வீட்டில்தான் இருந்தாள். கொழுந்தனுக்கு மில்லில் தனியாக வேலை கிடைத்தது என்றுதான் அவளிடம் சொல்லியிருந்தார்கள். உன் புருஷனை ஆபீசில் இன்னும் சாகவிடவில்லை என்று தாலி அறுத்த ஈரம் காயாதவளிடம் யார் போய்ச் சொல்வது? அப்போது சொல்லாமல் விட்டது அப்படியே நின்றுபோயிற்று. தவசி அண்ணன் மதினிக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. அரிசி, துணிமணி எல்லாம் மாதம் தவறாமல் ஊருக்குப் போகும்.

அறுபத்து மூன்றில் எங்களுக்குப் புது மேனேஜர் வந்தார். சங்கரபாண்டியன் என்று பெயர், பம்பாயில் படித்தவர். நல்ல மனுஷன். அந்த நல்ல குணம்தான் வினையாகப் போயிற்று. இருபத்தைந்து வருஷம் உழைத்தவர்களுக்கு விழா எடுத்துப் பரிசு கொடுக்கப் போகிறோம் என்றார். கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு பலகையை மாட்டி, அதில் நான்கு பேருடைய பெயரை வெள்ளைப் பெயிண்டில் எழுத வைத்தார். மூன்றாவது பெயர் கருத்தையா.

எல்லோருக்கும் ஒரே மாதிரி வாழ்த்து அச்சடித்துக் கொடுக்க அவருக்கு மனசு வரவில்லை. ஒவ்வொருவரைப் பற்றியும் பழைய ஆட்களிடம் கேட்டுக் கேட்டுத் தன் கையாலேயே எழுதினார். பரிசாக ஆளுக்கொரு சுவர்க் கடிகாரம். கூடவே மனைவிமாரை மேடைக்கு அழைத்து, மேனேஜர் சம்சாரம் ரெங்கம்மாள் கையால் பூவும் குங்குமமும் கொடுத்து மரியாதை செய்வார்களாம்.

அன்றைக்கு ஆரம்பித்தது சுவருக்கு அந்தப் பக்கம் சண்டை.

"ஆபீஸ்ல பொண்டாட்டி பேரு ஆவுடைத்தாய்னு இருக்கு. அவிய பேரச் சொல்லிக் கூப்பிடுவாங்க, நான் போயி நிக்கணுமா? தாலியறுத்தவ பேருக்கு நான் குங்குமம் வாங்கினா எந் தாலி என்னத்துக்கு ஆவும்? நான் வரமாட்டேன்" என்று பாலம்மாள் ஒரே பிடியாக நின்றுவிட்டாள்.

தவசி அண்ணன் கெஞ்சிப் பார்த்தார், கத்திப் பார்த்தார். கடைசியில் மேனேஜரிடம் போய், "வீட்டுக்காரி ஊருல இருக்கா சார், அவளால வரமுடியாது" என்று சொல்லிவிட்டு வந்தார். அதோடு முடிந்தது என்று எல்லோரும் மூச்சுவிட்டோம். கழுதை, யோசிக்க வேண்டாமா? ஊரில் இருக்கிறாள் என்று சொன்னால் நல்ல மனுஷன் என்ன செய்வான்?

விழா அன்று மில் முற்றத்தில் பந்தல். பெண்கள் பக்கத்தில் நானும் பாலம்மாளும் உட்கார்ந்திருந்தோம். மேடைக்குப் போகமாட்டாளே தவிர, புருஷன் மாலை வாங்குவதைப் பார்க்காமல் இருக்க அவளுக்கு மனசில்லை. எல்லோர் கையிலும் கடலை மிட்டாய்ப் பொட்டலம். மேடையில் நான்கு பேரும் சலவை வேட்டியில் மாப்பிள்ளை மாதிரி இருந்தார்கள். நான் பாலம்மாளைக் கேலி செய்துகொண்டிருந்தேன், அவளும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

அப்போதுதான் மேனேஜரின் கார் கேட்டுக்குள் நுழைந்தது. சக்கரமெல்லாம் கரிசல் மண் அப்பியிருந்தது. பின் கதவு திறந்து ஒரு பெண் இறங்கினாள். வெளுத்த சேலை, முந்தானையைத் தோளைச் சுற்றி இழுத்துப் போர்த்தியிருந்தாள்.

பாலம்மாள் என் கையைப் பிடித்த பிடியில் எலும்பே நொறுங்கியிருக்கும். "ஏட்டி சைத்தூன், எங்க அக்கா."

யா அல்லா என்று எழுந்து ஓடினேன். எப்படியாவது அவளைக் கையைப் பிடித்து லைனுக்கு இழுத்துக்கொண்டு போய்விட வேண்டும், அதுதான் நினைப்பு. பாலம்மாளின் பிள்ளைப்பேற்றுக்கு வந்திருந்தபோது பழகியதால் ஆவுடைத்தாய்க்கு என்னைத் தெரியும். என்னைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

"பாத்தியா தாயி, எங்க வீட்டுக்காரருக்கு மரியாத செய்யுதாங்களாம். காரு அனுப்பிக் கூட்டியாந்துட்டாங்க. செத்து இத்தன வருசம் கழிச்சும் அவிய பேர மறக்காம வச்சிருக்காங்களே, இவிய நல்லாயிருக்கணும்" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அவிய படம் எங்கன வச்சிருக்காங்க? எங்கிட்ட ஒரு படங்கூட இல்ல தாயி. முகமே மறந்துட்டு வருது. மில்லுல எடுத்து வச்சிருப்பாங்கல்லா?" என்று கேட்டாள்.

முந்தானை முடிச்சை லேசாகத் திறந்து காட்டினாள். படத்துக்குப் போடக் கொண்டு வந்த ஒரு முழம் அரளிச் சரம் உள்ளே இருந்தது. நான் அவள் கையைப் பிடித்தேன். அதற்குள் மேனேஜரே சிரித்த முகத்தோடு வந்து, "வாங்கம்மா, உங்களுக்காகத்தான் காத்திருக்கோம்" என்று அழைத்துப்போய் முன் வரிசை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார். நான் பாலம்மாளிடமே திரும்பிப் போய் உட்கார்ந்தேன்.

மேடையில் தவசி அண்ணன் மதினியைப் பார்த்தார். மனுஷன் முகத்தில் ரத்தமே இல்லை.

முதல் இரண்டு பேருக்கும் வாழ்த்து வாசித்துக் கடிகாரம் கொடுத்தார்கள். அடுத்ததாக, "கருத்தையா" என்று மேனேஜர் அழைத்தார். ஆவுடைத்தாய் படத்தை எதிர்பார்த்துக் கழுத்தை நீட்டினாள். எழுந்து வந்தது அவளுடைய கொழுந்தன்.

மேனேஜர் தன் கையால் எழுதியதைக் கணீரென்று வாசித்தார்: "நாற்பத்தாறாம் ஆண்டு காலரா கண்டு சாவின் வாசல் வரை சென்றவர் இவர். ஆனாலும் இளைத்த உடம்போடு திரும்பி வந்து, அதே இயந்திரத்தின் முன் நின்றார். இவர் எப்போதும்வென்றான் ஊர்க்காரர் அல்லவா? எமனையும் வென்று வந்துவிட்டார்!"

இந்த இடத்தில் கூட்டம் சிரித்துக் கை தட்டும் என்று அவர் நிறுத்தினார். ஒரு கைகூட அசையவில்லை. மில்லே உறைந்துபோய் உட்கார்ந்திருந்தது. பாவம், அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

ஆவுடைத்தாய் எழுந்து நின்றுவிட்டாள். கருத்தையாவின் கண்ணை மூடிவிட்டது அவள் கை. குளிப்பாட்டக் குடத்தில் தண்ணீர் எடுத்து வந்தவள் அவள். அவளிடம் அவள் புருஷன் பிழைத்து வந்துவிட்டான் என்று மைக்கில் சொல்கிறார்கள். அவள் கொழுந்தனைப் பார்த்தாள், மேனேஜரைப் பார்த்தாள், மறுபடி கொழுந்தனைப் பார்த்தாள். அவள் வாய் திறந்தால் தவசி அண்ணனின் பிழைப்பு அந்த இடத்திலேயே முடிந்தது.

அவள் பூரிப்பில் எழுந்து நிற்கிறாள் என்று மேனேஜர் நினைத்தார். "அம்மாவை மேடைக்கு அழைச்சுட்டு வாங்க" என்றார். ரெங்கம்மாள் அவள் கையைப் பிடித்து மேலே ஏற்றி, தவசி அண்ணன் பக்கத்தில் நிறுத்தினாள். அப்போதுதான் நெற்றியைக் கவனித்தாள் போலிருக்கிறது. "அவசரத்துல பொட்டு வைக்க மறந்துட்டீங்களா?" என்று அன்பாகக் கேட்டுக்கொண்டே குங்குமச் சிமிழில் விரலை விட்டாள்.

என் பக்கத்து இடம் காலியாக இருந்ததைக்கூட அப்புறம்தான் பார்த்தேன். பாலம்மாள் கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு மேடையில் ஏறி, ரெங்கம்மாளுக்கும் ஆவுடைத்தாய்க்கும் நடுவில் போய் நின்றாள்.

"அம்மா, அவியளுக்கு வைக்காதீங்க. நாந்தேன் ஆவுடைத்தாய்" என்றாள். மூச்சு வாங்கியது. "இவிய எங்க அக்கா. எனக்கு முடியாமக் கிடந்துச்சு, இப்பந்தேன் பஸ்ஸுல வந்தேன். டிரைவர் ஆள் மாத்திக் கூட்டியாந்துட்டாரு."

எந்தப் பெயருக்குப் பதில் சொல்லமாட்டேன் என்று அத்தனை சண்டை போட்டாளோ, அந்தப் பெயரைத் தானே வாயைத் திறந்து சொன்னாள். ரெங்கம்மாள் குங்குமத்தை அவள் நெற்றியில் வைத்தாள். பாலம்மாள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். அவள் கை தாலிக்கயிற்றைப் பிடித்திருந்தது.

"பேரைக் கேட்டுத்தானே சார் ஏத்தினேன்" என்று கீழே டிரைவர் முனகினான். மேனேஜர் சிரித்துக்கொண்டே ஆவுடைத்தாய் பக்கம் திரும்பினார். "இப்படி ஆயிடுச்சா! மன்னிச்சுக்கோங்கம்மா. அப்போ உங்க பேரு என்ன?"

நான் என் வாயைப் பொத்திக்கொண்டேன். ஆவுடைத்தாய் பாலம்மாளின் நெற்றியைப் பார்த்தாள். கொழுந்தன் மார்பில் பிடித்திருந்த கடிகாரத்தைப் பார்த்தாள்.

"பாலம்மா" என்றாள்.

மேனேஜர் அவளுக்கும் ஒரு கும்பிடு போட்டார். இப்போதுதான் கூட்டம் கை தட்டியது. அப்படி ஒரு கை தட்டலை நான் கேட்டதே இல்லை. மேஸ்திரி மாயகிருஷ்ணன் தலையைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்.

சாப்பாடு வேண்டாம் என்று ஆவுடைத்தாய் கேட்டை நோக்கி நடந்தாள். நான் கூடவே போனேன். தவசி அண்ணன் கடிகாரத்தோடு பின்னால் ஓடி வந்து, "மதினி, இது அண்ணனுக்குச் சேர வேண்டியது" என்றார். அவள் திரும்பவே இல்லை. பெயர்ப் பலகை முன்னால் நின்றாள்.

"தாயி, எனக்குப் படிக்கத் தெரியாது. இதுல அவிய பேரு எங்கன இருக்கு?"

மூன்றாவது வரியைத் தொட்டுக் காட்டினேன். முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். அரளிச் சரத்தை எடுத்துப் பலகையின் மேல் ஆணியில், அந்தப் பெயர் மேல் விழும்படி தொங்கவிட்டாள். "படம் இல்ல, பேராவது இருக்கே" என்றாள். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. தவசி அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு அங்கேயே நின்றார். அவரிடம் அவள் ஒரே ஒரு வார்த்தை பேசியிருந்தால்கூடப் பரவாயில்லை. திட்டியிருந்தால்கூட. பேசாமல் காரில் ஏறிப் போய்விட்டாள்.

மறுநாள் காலை ஷிப்டுக்குப் போனோம். பூ வாடித் தொங்கிக்கொண்டிருந்தது. யாரோ மரியாதைக்குப் போட்டது, எடுக்க வேண்டாம் என்று மேனேஜர் சொல்லிவிட்டாராம். தவசி அண்ணன் பலகைக்கு முன்னால் வந்ததும் நின்றார். செத்தவருக்குப் போட்ட பூ அது என்று அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

ஆஜர் பதியும் டைம் ஆபீஸ் ஜன்னலிலிருந்து வழக்கம்போல, "கருத்தையா" என்று கூப்பிட்டார்கள். அவர் பதில் சொல்லவில்லை. இரண்டாவது தடவையும் கூப்பிட்டார்கள். மேஸ்திரி அவர் முதுகில் கை வைத்து, "சொல்லுலே" என்று தள்ளினார். எனக்கும் கோபம்தான் வந்தது. அந்த இரண்டு பெண்களும் பெயரைக் கொடுத்துக் காப்பாற்றிய வேலை, இந்த மனுஷன் ஏன் இப்படி மரம் மாதிரி நிற்கிறார் என்று பல்லைக் கடித்தேன்.

"கருத்தையா இருக்கானா, இல்லியா?" என்று உள்ளேயிருந்து சத்தம் போட்டார்கள்.

"இல்ல சார். அவிய செத்துப் போயாச்சு."

வரிசை முழுக்கப் பேச்சு நின்றது. டைம்கீப்பர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார். "என்னய்யா உளறுத? அப்போ நீ யாரு?"

"தவசி சார்" என்றார். டோக்கனைக் கழற்றி ஜன்னல் கட்டையில் வைத்தார். அந்தக் கேட்டுக்குள் நின்று அந்தப் பெயரை அவர் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான்.