இந்த வருடத்து ஆர்வோ

ஆர்வோ ராந்தனென் செத்ததற்கு அடுத்த வருடம், மான் வேட்டை தொடங்கும் நவம்பர் காலையில், ஒரு புதுத் துப்பாக்கியோடு வீட்டுக்கு வந்தான். பழையது கல்லியோ ஏரியில் உறைந்திருந்த பனி உடைந்தபோது அவனோடு உள்ளே போனது. ஆளை எடுத்தார்கள், துப்பாக்கி அகப்படவில்லை. சாமானைத் தொலைத்தவன் புதிதாக ஒன்று பார்த்துக்கொள்ள வேண்டியதுதானே, செத்துவிட்டால் மட்டும் சலுகையா என்று ஊரில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவன் மனைவி லெம்பி கதவைத் திறந்து, பூட்ஸைத் துடைக்கச் சொல்லி, காப்பி ஊற்றினாள். காப்பி குறையவில்லை. அவன் சட்டைக் கையிலிருந்து ஏரித் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது, தரை நனையவில்லை. வெளிச்சம் மங்கியதும் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு சதுப்புப் பக்கம் நடந்துபோனான். வருடத்தில் அவளுக்குக் கிடைத்தது அந்த ஒரு பகல்தான்.

அவன் தோளில் இருந்தது நாங்கள் 'குட்டை' என்று சொல்லும் துப்பாக்கி. குழல் கையளவு குறைவு, தோளில் முட்டும் பின்பக்கம் வால்நட் கட்டை, குறி பார்க்கக் குழல் நுனியில் இரும்புக் குறிமுள். தேவதாரு அடர்ந்த சதுப்பில் கிளையில் மாட்டாமல் திருப்ப அதைவிட நல்லது வேறில்லை. எங்கள் ஊரில் சாமியைப் பற்றிக்கூட இரண்டு கருத்து உண்டு, குட்டையைப் பற்றிக் கிடையாது. இரும்புக்கடையில் துப்பாக்கி மேசை என் பொறுப்பு. நான் இதுவரை ஒரு மானும் சுட்டதில்லை. வேட்டை நாளில் மான்கள் என் பக்கத்தில் வந்து படுத்துக்கொள்கின்றன என்று ஊரில் பேச்சு. அது பொய். ஒரே ஒரு தடவைதான் படுத்தது.

நல்ல சாமானைத் தொழிற்சாலைக்காரர்கள் சும்மா விடுவார்களா? முதலில் வால்நட்டை நிறுத்திவிட்டு, வெளிறிய பிர்ச் மரத்துக்குச் சாயம் பூசி அனுப்பினார்கள். அந்த நவம்பரில் ஆர்வோ வெளிறிப்போய் வந்தான். அவன் உட்கார்ந்த நாற்காலியில் பழுப்புச் சாயம் ஒட்டிக்கொண்டது. துப்பாக்கி எப்படியோ ஆளும் அப்படி என்று லெம்பிக்கு அப்போதே விளங்கிவிட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு கோடையிலும் புதுச் சரக்கு வந்தால் கடைக்கு வந்து, பெட்டியைப் பிரிக்கச் சொல்லி, அந்த வருடம் புருஷன் எப்படி வருவான் என்று பார்த்துக்கொண்டு போவாள். இப்போதெல்லாம் எல்லாரும் தொலைநோக்கி மாட்டுகிறார்கள் என்று ஒரு வருடம் குறிமுள்ளை எடுத்துவிட்டார்கள். ஆர்வோ வீட்டைத் தவறவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய் நின்றான். அந்த வீட்டு எய்லா வேலியோரம் வந்து, "லெம்பி, ஒன் ஆளு எங்க கோழிக்கூட்டுல நிக்கிறான். முட்ட போடறதுக்குள்ள கூட்டிட்டுப் போ" என்றாள். வழிதேடி வந்ததில் பாதிப் பகல் போய்விட்டது. லெம்பி அவன் ஈரச் சட்டைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள்.

பிறகு குண்டுக்கு வேகம் போதவில்லை என்று குழலை நீட்டினார்கள். ஆர்வோ உயிரோடிருந்தபோதே நெட்டை, லெம்பியோ குள்ளம். கல்யாணமான நாள் முதல் அவன் சட்டையின் இரண்டாவது பொத்தானோடுதான் அவள் குடும்பம் நடத்தினாள். இப்போது பெல்ட்டோடு பேச வேண்டியதாயிற்று. அவனும் கதவு நிலையில் தலையை இடித்துக்கொண்டு, இடித்தது உறைக்காமல் நின்றான். அடுத்து பிளாஸ்டிக் கட்டை வந்தது. மரக்கட்டைக்குப் பூசும் ஆளி விதை எண்ணெய் வாசனை அவனிடமிருந்து போனது. "கையப் புடிச்சேன்டா, ஐஸ்பெட்டி மூடி மாதிரி இருக்கு" என்று என்னிடம் சொன்னாள். சொல்லிவிட்டு, ஆணி டப்பாவில் இருந்த ஆணிகளை எல்லாம் ஒரு பக்கமாகத் திருப்பி அடுக்கினாள். அதற்கடுத்து, வக்கீல்கள் சொன்னார்களாம், துப்பாக்கியிலேயே ஒரு பூட்டு வைத்தார்கள். அந்த வருடம் ஆர்வோவால் வாயைத் திறக்கவே முடியவில்லை. பகல் முழுக்கத் தாடை மட்டும் அசைந்ததாம். சாவி ஒரு சின்ன உறையில் என் மேசைக்கடியிலேயே கிடந்திருக்கிறது. எனக்கு எப்படித் தெரியும்?

லெம்பி தொழிற்சாலைக்குப் போன் போட்டாள். கடையிலிருந்துதான் பேசினாள், நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"வாடிக்கையாளர்ங்க கேக்கறததான் மேடம் நாங்க செய்யறோம்."

"நானுந்தாம்மா வாடிக்க. நீங்க முள்ள எடுத்ததுல எங்க வீட்டுக்காரரு கோழிக்கூட்டுக்குப் போறாரு."

"அவர ஒரு தொலைநோக்கி மாட்டிக்கச் சொல்லுங்க மேடம்."

அடுத்த கோடையில் குட்டையையே நிறுத்திவிட்டார்கள், விற்பனை போதவில்லையாம். இவ்வளவு செய்த பிறகு எப்படிப் போதும்? நவம்பர் வந்தது. லெம்பி மாவுக்குள் இறைச்சியும் டர்னிப்பும் வைத்துப் பாஸ்டி சுட்டு, கதவைத் திறந்து வைத்து உட்கார்ந்தாள். விடிந்தது, இருட்டியது, பனி அடுப்படிவரை வந்து படிந்தது. யாரும் வரவில்லை. மறுநாள் எய்லா வந்து கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

அந்தக் குளிர்காலம் லெம்பி என் மேசையில் விற்காமல் கிடந்த கடைசிப் பிளாஸ்டிக் குட்டையைக் கொண்டுபோனாள். சட்டம் விடுகிற அளவுக்கு, பழைய நீளத்துக்கே குழலை அறுத்தாள். பூட்டைப் பிடுங்கிக் குப்பையில் போட்டாள். ஆர்வோவின் காப்பிக் கரண்டிக் காம்பைத் தேய்த்துக் குறிமுள் வைத்தாள். கட்டைக்கு வால்நட் வேண்டுமே? கட்டிலின் தலைமாட்டுப் பலகையில் அவன் படுத்த பக்கத்தை அறுத்தெடுத்தாள். அவள் அதற்கு முன் ரம்பம் பிடித்ததில்லை, அது பார்த்தாலே தெரிந்தது. பின்கட்டை எவ்வளவு நீளம் என்று கேட்டாள். சுடுகிறவர் முழங்கை மடிப்பிலிருந்து சுட்டுவிரல்வரை அளக்க வேண்டும் என்றேன். எனக்குத் தெரிந்த தொழில் ரகசியம் அது ஒன்றுதான். முடித்துக் கொண்டுவந்து காட்டியபோது, எடுத்துத் தோளில் வைத்துப் பார்த்தேன், கட்டை நீளம் போதாமல் என் பெருவிரல் மூக்கில் இடித்தது.

"யார் கைக்கு அளந்த?"

"வீட்டுல வேற கை ஏது? என் கையிக்குத்தான்."

நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். அதற்குமேல் யோசிக்க எனக்குத் தோன்றவில்லை.

நவம்பர் காலையில், மானைத் தேடிப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு, லெம்பி வீட்டு விறகுக் குவியலுக்குப் பக்கத்தில் நின்றேன். கரண்டிமுள் கொஞ்சம் கோணல். அதனால் ஆர்வோ சதுப்பிலிருந்து நேராக விறகுக்கு வந்து இடித்துக்கொண்டு, அப்புறம்தான் கதவுக்குத் திரும்பினான். ஆளி விதை எண்ணெய் வாசனை என்னைத் தாண்டிப் போனது. ஒரு தோள் இறங்கியிருந்தது, கழுத்தில் ரம்பம் வழுக்கிய தழும்பு. கால்சட்டை தரையில் புரண்டது. படியேறி லெம்பிக்கு எதிரில் நின்றான். அவள் உயரம்தான் இருந்தான். ஒரு மயிரிழை கூடவுமில்லை, குறையவுமில்லை.

லெம்பி பழக்கத்தில் பொத்தானைப் பார்த்துப் பேசத்தான் வாயெடுத்தாள். பொத்தான் கீழே எங்கேயோ இருந்தது. நேரே கண் இருந்தது. அப்படியே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஒன் எடது கண்ணுல பழுப்பா ஒரு புள்ளி இருக்கு. இது எப்பலேருந்து?"

"பொறந்ததுலேருந்து" என்றான் ஆர்வோ. குரல் கொஞ்சம் கரகரப்பு.

"சொல்லவேயில்ல."

"நீ மேல பாக்கவேயில்ல."

பூட்ஸைத் துடைக்கச் சொன்னாள். துடைத்தான். கதவு சாத்திக்கொண்டது.

போன வருடம் தொழிற்சாலைக்காரர்கள் குட்டையை மறுபடி கொண்டுவந்தார்கள். நினைவுப் பதிப்பாம், தங்க முலாம், செதுக்கிய மான், ஒவ்வொன்றுக்கும் வரிசை எண். பெட்டியைப் பிரித்து லெம்பிக்குக் காட்டினேன். எட்டிப் பார்த்து, "அழகாத்தான் இருக்கான். வேற யாராச்சும் வெச்சுக்கட்டும்" என்றாள். வந்தது வேறு வேலையாக. கருப்பு நூல் இரண்டு கண்டு வாங்கிக்கொண்டு போய், ஆர்வோவின் கால்சட்டைகளை எல்லாம் தன் காலுக்கு அளந்து மடித்துத் தைத்துவிட்டாள். வருடத்தில் ஒரு நாளுக்கு அத்தனை கால்சட்டை எதற்கு என்று நான் கேட்கவில்லை.