தொட்டிக்காரி

கல்யாணமான புதிதில் கர்ணன் அவளை "ஏ புள்ள" என்றுதான் கூப்பிடுவான். உத்தமபாளையத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை போட்ட பிறகு அது எப்போதோ "பவானி" ஆகிவிட்டது. அவளும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, கொல்லைப்புறத்திலிருந்து அந்தச் சொல் மறுபடி காதில் விழும் வரை.

"ஏ புள்ள, பசிக்குதா?"

பிளாஸ்டிக் தொட்டியில் கிடந்த ஆமையிடம் கேட்டுக்கொண்டிருந்தான்.

குமுளியில் ஒருவர் வளர்க்க முடியாமல் இவன் தலையில் கட்டிய வெளிநாட்டு ஆமை. ஸ்னாப்பிங் டர்டில். முறம் அகலம், முதலை வால், பருந்து மூக்கு. பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் கர்ணன் விளக்குவான்: "அடியில ஓடு கொஞ்சூண்டுதேன். மத்த ஆமை மாதிரி தலைய உள்ள இழுத்துக்க முடியாது, பாவம். அதேன் பயந்தா கடிச்சிருது. தண்ணிக்குள்ள இருந்தா இதவிடச் சாது கெடையாது."

தன்னைப் பற்றி யாரிடமாவது இப்படி ஒரு வரி சொல்லியிருப்பானா? அவளும் பயந்தால்தான் கத்துகிறாள்.

"ஆமைய சக்களத்தியா வச்சிருக்கவ ஒலகத்துலயே நீ ஒருத்திதேன்க்கா," பக்கத்து வீட்டு சொர்ணலதா சிரித்தாள். "அவுக கோழி ஈரல் வாங்குறதே அதுக்குத்தேனாமே?"

பவானியும் சிரித்துவைத்தாள். ஈரல் அவளுக்கும் பிடிக்கும்.

ஞாயிற்றுக்கிழமை அவன் கறிக்கடைக்குப் போனதும் தொட்டியைச் சாய்த்தாள். சாக்கில் தள்ளிக் கொண்டுபோய் வாய்க்காலில் விட்டுவிட வேண்டியதுதான். தண்ணீரில் கல்லாகக் கிடந்த ஆமை தரைக்கு வந்ததும் பின்னங்கால்களில் எழும்பிச் சீறியது. மாப் கட்டையால் பின்பக்கமிருந்துதான் தள்ளினாள். கழுத்து முதுகுவரை நீண்டு திரும்பிக் கட்டையைக் கவ்வியது. இழுத்தாள். விடவில்லை.

"ஏ புள்ள! விடு!"

கர்ணன் வந்துவிட்டான். அவள் உடம்பு மொத்தமும் அந்தக் குரலுக்குத் திரும்பியது.

அவன் கறிப்பையைப் போட்டுவிட்டு, அவளைத் தாண்டிப் போய் ஆமையின் முன் குத்தவைத்தான். "விடு புள்ள. வாயி நோகும்ல?"

பவானிக்குக் காது சுட்டது.

"எங் கை போயிருந்தா?"

"நீ இழுக்குற வரைக்கும் அது விடாது பவானி. கட்டையக் கீழ போடு."

"அத மொதல்ல விடச் சொல்லுங்க."

அப்போதுதான் அவன் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான். பவானி இன்னொரு கையையும் கட்டையில் வைத்து இறுக்கிக்கொண்டாள்.