காயம் இல்லாத காது

விடிந்து வெகுநேரம் ஆகியும் கோவிலின் தலைமை ஆசாரியரின் வேலைக்காரன் தன் வலது காதை விட்டுக் கையை எடுக்கவில்லை. முந்தின இரவு, தோட்டத்தில் அந்தப் போதகரைப் பிடிக்கப் போனபோது அவருடைய சீடன் ஒருவன் வாளை வீசிவிட்டான். காது அறுந்து புல்லில் விழுந்தது. போதகர் குனிந்து தேடி எடுத்து, பழைய இடத்தில் வைத்து அழுத்தினார். ஒட்டிக்கொண்டது. அப்புறம் கட்டுவதற்குத் தன் கைகளை நீட்டினார்.

மனைவி ரத்தம் தோய்ந்த தோள்துணியை மூன்றாவது தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தாள்.

"வலிக்குதாங்க?"

"இல்லடி. அவரு கையெல்லாம் வேர்த்திருந்துச்சு. நடுங்கிக்கிட்டே என் காதைத் தேடினாரு."

அப்போது ஆசாரியரின் மாளிகை எழுத்தர் வந்தார். போதகரைக் கொல்வதென்று ராத்திரியே தீர்மானமாகியிருந்தது. காரணம் மட்டும்தான் பாக்கி. பெரிய இடமல்லவா, எல்லாம் முறைப்படி நடக்க வேண்டும். ஆயுதக் கலகம் என்று எழுதினால் ஆளுநர் மறுபேச்சில்லாமல் முத்திரை குத்துவார். அதற்கு ஒரு காயம் தேவை.

எழுத்தர் காதை மடித்துப் பார்த்தார், இழுத்துப் பார்த்தார்.

"என்னய்யா, முழுசா இருக்கு?"

"அறுந்துச்சுங்க. அவரே ஒட்ட வச்சுட்டாரு."

"அதை எழுதினா வழக்கு நிக்குமா?" கதவைச் சாத்தினார். குரலில் தேன் சொட்டியது. "ஒரு சின்னக் கீறல் போதும். எழுதுகோல் சீவுற கத்தி என்கிட்டயே இருக்கு. பத்து வருஷமா ஆசாரியர் குடுத்த வீட்டுல இருக்கீங்க, ஞாபகம் இருக்கட்டும்."

மனைவி ஈரக் கையோடு எழுந்தாள். "ஏன், ஆசாரியரு காது ரெண்டும் சும்மாதானே இருக்கு? யாரு சொல்றதையும் கேக்கறதில்லையே, அதுல ஒண்ணைக் கீறுங்க!"

வேலைக்காரன் வீட்டின் இரண்டு அறைகளையும் ஒருமுறை பார்த்தான். பிறகு சொன்னான்: "கத்தியை உள்ள வைங்க ஐயா. அந்தப் போதகரு கை வச்ச இடம் இது. விடமாட்டேன்."

"அப்ப சாமானைக் கட்டு."

கட்டினார்கள். ஆளுநருக்கு வேறு காரணம் சொல்லப்பட்டது; காரணத்துக்கா பஞ்சம்?

அடுத்த ஊரிலிருக்கும் அவள் அண்ணன் வீட்டுக்குப் போக நகர வாசலை அடைந்தபோது கூட்டம் வழியை மறித்தது. நடுவில் ஒருவர் பெரிய சிலுவை மரத்தைச் சுமந்து தள்ளாடி வந்தார்.

"இவருதானா?"

"இவருதான்."

"அவரோட ஆளுங்க ஒருத்தரையும் காணோமே?"

"ஓடிட்டாங்க. வாளை வீசினானே, அந்த வீரனும்தான்."

கூட்டம் கொலைக்கள மேட்டை நோக்கி நகர்ந்தது. வழி கிடைத்தும் அவன் அசையவில்லை. அவள் மூட்டையை இடுப்பு மாற்றிக்கொண்டு மேட்டுப் பக்கம் திரும்பினாள்.

"அண்ணன் எங்கயும் ஓடிடமாட்டான். வாங்க. தெரிஞ்ச முகம் ஒண்ணாவது அவரு கண்ணுல படட்டும்."

"தெரிஞ்ச முகமா? அவரைப் பிடிக்கப் போனவன்டி நான்."

"இருக்கட்டும். காது தெரியற மாதிரி நில்லுங்க, போதும்."

அவன் தலைத்துணியை அவிழ்த்து, வலப்பக்க முடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டு அவள் பின்னால் நடந்தான்.